விட்டவர் ஏன் மறுபடி தேடுகிறார்? மன அழுத்தமும் ஓபியாய்டு போதையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெராயினையோ வலி மாத்திரையையோ விட்டு ஆறு மாதம் ஆகியிருக்கும். உடம்பு தேறி, முகத்தில் களை வந்து, வேலைக்குக்கூடப் போகத் தொடங்கியிருப்பார். அப்புறம் வீட்டில் ஒரு சண்டை, அல்லது கடன்காரன் வாசலில் வந்து நின்ற ஒரு காலை. அன்று மாலையே பழைய இடத்தைத் தேடிப் போயிருப்பார். "அத்தனை கஷ்டப்பட்டு விட்டவன் ஒரு சின்ன விஷயத்துக்கா இப்படிச் செய்வான்?" என்று வீட்டில் உள்ளவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார்கள். அந்தக் கேள்விக்கு ஆராய்ச்சியாளர்கள் முப்பது வருடமாகப் பதில் தேடி வருகிறார்கள். கிடைத்ததில் உறுதியானதை இங்கே கேள்வி பதிலாகத் தருகிறேன்.

ஓபியாய்டு என்றால் எவையெல்லாம்?

அபினிலிருந்து வருபவையும், அதைப் போலவே வேலை செய்யும்படி ஆலையில் தயாரிக்கப்படுபவையும். மார்ஃபின், கோடீன், ஹெராயின் (இங்கே பிரவுன் சுகர், இலங்கையில் தூள்), ஃபென்டனில், டிராமடால், டேபென்டடால் எல்லாம் இந்தக் குடும்பம்தான். கஞ்சாவும் மதுவும் இதில் சேராது. அவற்றிலும் அழுத்தத்தால் மறுபடி விழுவது உண்டு, ஆனால் இங்கே பேசுவது ஓபியாய்டைப் பற்றி மட்டும்.

ஒரே ஒரு தடவை எடுத்துவிட்டால் அது ரிலாப்ஸா?

மீட்பு மையங்களில் இதை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். ஒரு தடவை எடுத்தது சறுக்கல். பழையபடி தினமும் என்று ஆகிவிட்டால் ரிலாப்ஸ். சறுக்கியவர்கள் எல்லோரும் கீழே விழுந்துவிடுவதில்லை. ஆனால் ஓபியாய்டில் அந்த ஒரு தடவையே உயிரைக் குடிக்கலாம். அதைக் கடைசிக்கு முன் ஒரு கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன். அவசரமாக வந்திருப்பவர்கள் நேரே அங்கே போய்விடுங்கள்.

மன அழுத்தம் என்று எதைச் சொல்கிறீர்கள்? டிப்ரஷனா?

நல்ல கேள்வி. தமிழில் இது ஒரு தொல்லை. பத்திரிகைகளில் டிப்ரஷனுக்கும் "மன அழுத்தம்" என்று எழுதுகிறார்கள், ஸ்ட்ரெஸ்ஸுக்கும் அதையே எழுதுகிறார்கள். டிப்ரஷனுக்கு மனச்சோர்வு என்ற சொல் இருக்கிறது. இங்கே நான் அழுத்தம் என்பது, பேச்சில் நாம் "டென்ஷன்" என்கிறோமே, அதை. உடம்பையோ மனதையோ நிலைகுலைய வைக்கும் எதுவும் இதில் அடங்கும்: அவமானம், பயம், கடன், தூக்கமின்மை, வலி, பட்டினி. பட்டினியா என்று புருவம் உயர்த்தாதீர்கள், அதற்கும் வருவோம்.

இதை எலிகளை வைத்துச் சோதித்தார்களாமே? எலிக்கு என்ன டென்ஷன்?

கனடாவில் மான்ட்ரியால் நகரத்தில் கான்கார்டியா பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஜேன் ஸ்டூவர்ட் என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் 1990களில் யாவின் ஷாஹாம் என்பவர் சேர்ந்தார். இந்தத் துறையின் அடித்தளம் அவர்கள் இருவரும் போட்டது.

சோதனை இப்படி. ஒரு கூண்டில் அழுத்தக்கூடிய ஒரு சின்னப் பலகை இருக்கும். எலி அதை அழுத்தினால் அதன் ரத்தக் குழாயில் கொஞ்சம் ஹெராயின் இறங்கும். சில நாட்களில் எலி இதை நன்றாகக் கற்றுக்கொண்டுவிடும். அதன் பிறகு ஹெராயினை நிறுத்திவிடுவார்கள். பலகை அப்படியே இருக்கும், அழுத்தினால் ஒன்றும் வராது. எலி முதலில் ஆவேசமாக அழுத்திப் பார்க்கும், நாளாக ஆக அலுத்துப்போய் விட்டுவிடும். இதுதான் எலியின் "விட்டுவிட்ட" நிலை.

இப்போது அதன் காலுக்கு விட்டு விட்டு லேசான மின்னதிர்ச்சி கொடுக்கிறார்கள், பத்துப் பதினைந்து நிமிடம். அதன் பிறகு எலி நேராகப் போய்ப் பலகையை அழுத்தத் தொடங்குகிறது. ஹெராயின் வருவதில்லை, ஆனாலும் அழுத்துகிறது. ஒரு துளி மருந்தும் உடம்பில் போகாமல், மருந்தை நினைவுபடுத்தும் புதிய விளக்கோ மணியோ இல்லாமல், வெறும் அதிர்ச்சி மட்டுமே பழைய தேடலை எழுப்பிவிட்டது. 1995இல் ஷாஹாமும் ஸ்டூவர்ட்டும் இதை வெளியிட்டார்கள்.

எலிக்குக் கடனும் இல்லை, மாமியாரும் இல்லை. மின்னதிர்ச்சியை மனித வாழ்க்கையின் நெருக்கடிக்குச் சமமாக வைப்பது சரியா என்று கேட்டால், முழுக்கச் சரியில்லைதான். ஆனால் எலியை "மன உறுதி இல்லாதவன்", "வளர்ப்பு சரியில்லை" என்று யாரும் திட்டுவதில்லை பாருங்கள். அந்த வசை எதுவும் ஒட்டாமல் விஷயத்தைப் பார்க்க முடிகிறது. அதற்காகவே இந்த எலிகளுக்கு நான் நன்றி சொல்வேன்.

விடும்போது வரும் வேதனை தாங்காமல்தானே மறுபடி எடுக்கிறார்கள்?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும். மூக்கில் நீர், வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் குடைச்சல், தூக்கமில்லாத இரவுகள் என்று ஹெராயினை நிறுத்தியதும் வரும் பாடு கொடுமையானதுதான். அந்த ஒரு வாரத்தில் எடுப்பவர்கள் பெரும்பாலும் அதைத் தணிக்கத்தான் எடுக்கிறார்கள். ஆனால் ஆறு மாதம் கழித்து எடுப்பவருக்கு அந்தப் பாடு எதுவும் இல்லையே.

மான்ட்ரியால் குழு இதையும் பார்த்தது. ஓபியாய்டு விளைவைச் சட்டென்று முறிக்கும் மருந்தைக் கொடுத்து எலிக்குச் செயற்கையாக அந்த வேதனையை வரவழைத்தால், அது அவ்வளவாகப் பலகையைத் தேடவில்லை. மின்னதிர்ச்சி கொடுத்தால் தேடியது. அதிர்ச்சி செய்த வேலை, ஒரு சிறு ஊசி ஹெராயின் கொடுத்தால் ஆசை கிளம்புமே, அதைத்தான் அதிகம் ஒத்திருந்தது. கஷ்டத்திலிருந்து தப்பி ஓடுவதாக வெளியே தெரிகிறது, உள்ளே மூளை பழைய பொருளை நோக்கி இழுக்கப்படுகிறது.

இதனால் ஒரு விஷயம் தெளிவாகிறது. பத்து நாள் மையத்தில் சேர்த்து உடம்பைச் சுத்தம் செய்து அனுப்பினால் வேலை முடிந்தது என்ற எண்ணம் தவறு. வேதனைக் காலம் ஒரு கட்டம். அழுத்தம் வந்தால் தேடும் பழக்கம் அதற்குப் பிறகும் அப்படியே இருக்கிறது.

மூளைக்குள் அப்போது என்னதான் நடக்கிறது?

கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இங்கேதான் சுவாரசியம்.

நமக்கு ஒரு நெருக்கடி வந்தால் மூளை சிஆர்எஃப் என்ற ஒரு வேதிப்பொருளை வெளிவிடும். அது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்ல, அங்கிருந்து கார்டிசால் ரத்தத்தில் கலக்கும். எலிக்குக் கார்டிசாலுக்குப் பதில் கார்டிகோஸ்டிரோன். "ஸ்ட்ரெஸ் ஹார்மோன்" என்று வாட்ஸாப்பில் சுற்றுவது இதுதான்.

அப்படியானால் அந்த ஹார்மோன்தான் எலியைத் தேட வைத்ததா? அட்ரினல் சுரப்பியையே அறுத்து எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். எலி அப்போதும் தேடியது! ஆனால் மூளைக்குள் நேரடியாகச் சிஆர்எஃப் செலுத்தினால், அதிர்ச்சி ஏதும் கொடுக்காமலேயே எலி தேடத் தொடங்கியது. சிஆர்எஃப்பைத் தடுக்கும் மருந்தை மூளைக்குள் கொடுத்தால் அதிர்ச்சிக்குப் பிறகான தேடல் குறைந்தது. 1997இல் வந்த முடிவு இது. ஆக, ரத்தத்தில் ஓடும் ஹார்மோனை விட, மூளைக்குள்ளேயே சுரந்து மூளைக்குள்ளேயே வேலை செய்யும் சிஆர்எஃப்தான் இங்கே முக்கியம். "உன் கார்டிசாலைக் குறைக்க இந்தப் பொடியைச் சாப்பிடு" என்று விற்பவர்களிடம் போதையில் விழாமல் காப்பாற்றும் மருந்து இல்லை என்பதற்கு இதுவே போதும்.

இன்னொரு கையும் உண்டு, நார்அட்ரினலின். திடுக்கிட்டால் நெஞ்சு படபடக்கிறதே, அந்த வேதிப்பொருள். மூளைத் தண்டிலிருந்து கிளம்பும் சில நரம்புகள் இதைச் சுமந்துகொண்டு, பயத்தையும் பதற்றத்தையும் கையாளும் இடங்களுக்குப் போகின்றன. அமிக்டலாவும் அதை ஒட்டிய பகுதிகளும்தான் அந்த இடங்கள். இந்த நார்அட்ரினலினை அடக்கும் குளோனிடின் என்ற பழைய ரத்த அழுத்த மருந்தை எலிக்குக் கொடுத்தபோது, அதிர்ச்சி கொடுத்தும் அது தேடவில்லை.

அமிக்டலா வட்டாரத்திலிருந்து, மூளையில் இன்பத்தையும் உந்துதலையும் நடத்தும் டோபமின் பாதைக்குத் தொடர்பு இருக்கிறது. பயத்தின் வீட்டிலிருந்து ஆசையின் வீட்டுக்குப் பின்வாசல் வழி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் வந்தால் அந்தக் கதவு திறக்கிறது.

நால்ட்ரெக்ஸோன் என்று ஒரு மருந்து உண்டு. ஓபியாய்டு போய் உட்காரும் இடத்தை அடைத்துவிடும். விட்ட எலிக்குக் கொஞ்சம் ஹெராயின் கொடுத்து ஆசையைக் கிளப்பினால் இது அந்த ஆசையைத் தடுத்தது. அதிர்ச்சி கிளப்பிய ஆசையைத் தடுக்கவில்லை. ஹெராயின் வரும் வழி வேறு, அழுத்தம் வரும் வழி வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் பார்த்ததில்லை.

எல்லா அழுத்தமும் ஒரே மாதிரி வேலை செய்யுமா? பட்டினி என்றீர்களே?

ஒரே மாதிரி இல்லை. சில வகை அழுத்தம் எலியை அசைப்பதே இல்லை. ஆனால் ஒரு நாள் முழுக்கச் சாப்பாடு கொடுக்காமல் வைத்தால், ஹெராயினை விட்ட எலி மறுபடி பலகையைத் தேடுகிறது. உரி ஷாலேவ் என்பவரும் மற்றவர்களும் செய்த வேலை அது. உடம்பின் கொழுப்பிலிருந்து வரும், "வயிறு நிறைந்தது" என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோனை மூளைக்குள் கொடுத்தால் அந்தத் தேடல் குறைந்தது.

பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கில் எதிலும் மாட்டிக்கொள்ளாதே என்று மீட்புக் குழுக்களில் பழையவர்கள் புதியவர்களுக்குச் சொல்வது வழக்கம். அவர்கள் எந்த எலியையும் பார்க்கவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டது. பசியை அவர்கள் பட்டியலில் முதலில் வைத்தது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது.

இடமும் சேரவேண்டும். மருந்து கிடைத்த அதே கூண்டில் அதிர்ச்சி கொடுத்தால் எலி தேடியது. சம்பந்தமில்லாத வேறு இடத்தில் அதிர்ச்சி கொடுத்துவிட்டுக் கூண்டுக்குக் கொண்டுவந்தால் அவ்வளவாகத் தேடவில்லை. பழைய தெருவிலேயே, பழைய கூட்டாளிகளுக்கு நடுவிலேயே இருந்துகொண்டு நெருக்கடியைச் சந்திப்பவரின் பாடு ஏன் அதிகம் என்று இதிலிருந்து கொஞ்சம் புரிகிறது.

விட்டு எத்தனை நாள் ஆனால் ஆபத்து தாண்டியது என்று சொல்லலாம்?

நாள் ஆக ஆக ஆசை தணியும் என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். முதல் சில வாரங்களுக்கு அது நேர்மாறு. நிறுத்திய மறுநாள் மின்னதிர்ச்சி கொடுத்தபோது எலி பெரிதாகத் தேடவில்லை. அடுத்த ஒன்றிரண்டு வாரங்களில் அதே அதிர்ச்சிக்குப் பலமாகத் தேடியது. வெளியே வைத்த இட்லி மாவு மாதிரி, யாரும் தொடாமல் இருக்கும்போதே உள்ளே பொங்குகிறது. இதே போக்கைக் கொக்கேய்ன் விட்ட மனிதர்களிடமும் எலிகளிடமும் முன்பே கண்டிருக்கிறார்கள்.

எலியின் வாரத்தை மனிதனின் வாரமாக அப்படியே மாற்றிப் போட முடியாது. இத்தனை நாள் தாண்டினால் பயமில்லை என்று நான் ஒரு எண் சொல்லமாட்டேன். மையத்திலிருந்து வெளியே வரும் நாள் கொண்டாட்ட நாளாக இருக்கலாம், ஆனால் மூளைக்கு அது மிக மோசமான காலத்தின் நடுப்பகுதியாகவும் இருக்கலாம். வெளியே வந்ததும் கண்காணிப்பும் மருந்தும் குறைகிற நம் வழக்கம் தலைகீழாக இருக்கிறது.

சரி, எலி போகட்டும். மனிதர்களிடம் இது நிரூபணமானதா?

ஆய்வகத்தில், ஆமாம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரஜிதா சின்ஹா ஒரு முறையைப் பயன்படுத்துகிறார். நோயாளி தன் வாழ்வில் நடந்த ஒரு மோசமான சம்பவத்தைச் சொல்வார். அதைக் கதையாக எழுதிப் பதிவுசெய்து, பிறகு அவரையே கேட்கவைத்துக் கற்பனை செய்யச் சொல்வார்கள். கேட்டதும் போதை மீதான ஏக்கம் ஏறுகிறது. நால்ட்ரெக்ஸோன் எடுத்துக்கொண்டிருந்த ஓபியாய்டு நோயாளிகளிடமும் அது ஏறியது. எலியிடம் பார்த்ததோடு இது ஒத்துப்போகிறது.

அன்றாட வாழ்க்கையில் படம் அவ்வளவு சுத்தமாக இல்லை. பால்டிமோரில் இருக்கும் அமெரிக்க அரசின் போதை ஆய்வு நிறுவனத்தில் கென்சி பிரஸ்டன், டேவிட் எப்ஸ்டீன் குழுவினர் சிகிச்சையில் இருப்பவர்களிடம் கையடக்கக் கருவி கொடுத்து, பகலில் அவ்வப்போது "இப்போது எப்படி இருக்கிறது, எங்கே இருக்கிறீர்கள்" என்று கேட்டுப் பதியவைத்தார்கள். 2009இல் வெளிவந்த முடிவில், ஹெராயின் ஏக்கம் சோகத்தோடும் கோபத்தோடும் சேர்ந்து வந்தது. ஆனால் ஹெராயினை எடுத்த நேரத்துக்கு முந்தைய சில மணி நேரத்தில் பளிச்சென்று ஒரு காரணம் தெரியவில்லை. கொக்கேய்னில் தெரிந்தது.

இதை நான் மறைக்க விரும்பவில்லை. "டென்ஷன் ஆச்சு, அதனால எடுத்தேன்" என்று பிறகு சொல்லும் கதை, நடந்ததை விட ஒழுங்காக இருக்கும். அழுத்தம் ஏக்கத்தைக் கூட்டுவது நிச்சயம். ஏக்கத்திலிருந்து கை நீள்வது வரை நடுவில் பையில் பணம் இருந்ததா, விற்பவன் கண்ணில் பட்டானா, காலையில் மாத்திரை போட்டாரா என்று நிறைய இருக்கிறது.

இந்தக் கதவை மூடும் மருந்து இருக்கிறதா?

எலியில் வேலை செய்த குளோனிடினை அதே பால்டிமோர் குழு மனிதர்களிடம் கொண்டுவந்தது. 2015இல் வெளியானது. பியூப்ரினார்ஃபின் என்ற, சிகிச்சைக்குத் தரும் ஓபியாய்டு மருந்தில் நிலைப்பட்டு, சில வாரம் ஓபியாய்டு எடுக்காமல் இருந்த 118 பேர். பாதிப் பேருக்குப் பியூப்ரினார்ஃபினோடு குளோனிடினும், மற்றவர்களுக்குப் பியூப்ரினார்ஃபினோடு மருந்தில்லாத போலி மாத்திரையும். குளோனிடின் எடுத்தவர்கள் தொடர்ந்து விலகி இருந்த நீண்ட காலம் சராசரியாக 34.8 நாள், மற்றவர்களுக்கு 25.5 நாள். முதல் சறுக்கலும் தள்ளிப்போனது. ஆனால் முழு ரிலாப்ஸ் வரும் காலம் அப்படித் தெளிவாகத் தள்ளிப்போகவில்லை.

எனக்குப் பிடித்தது கருவியில் அவர்கள் பதிந்தது. மற்றவர்களுக்கு அழுத்தம் ஏறினால் ஏக்கமும் கூடவே ஏறியது. குளோனிடின் எடுத்தவர்களிடம் இந்த இரண்டுக்கும் இடையே இருந்த முடிச்சு ஓரளவு தளர்ந்தது. டென்ஷன் வந்தது, ஆனால் அது ஏக்கத்தை முன்போல இழுத்துக்கொண்டு வரவில்லை. மான்ட்ரியாலில் எலிக்கூண்டில் பார்த்தது பால்டிமோர்வாசியின் செவ்வாய்க்கிழமை மதியத்திலும் நடந்தது.

ஒன்பது நாள்தானே என்று தோன்றலாம். பியூப்ரினார்ஃபினுக்கு மேலே கூடுதலாகக் கிடைத்த ஒன்பது நாள் அது.

குளோனிடினின் உறவுக்காரரான லோஃபெக்ஸிடினுக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது விடும்போது வரும் உபாதைக்கு, ரிலாப்ஸைத் தடுக்க அல்ல. சிஆர்எஃப்பைத் தடுக்கும் மாத்திரைகள் மீது பெரிய நம்பிக்கை இருந்தது. குடியை விட்ட மனிதர்களிடம் சோதித்தபோது ஏக்கத்தைக் குறைக்கவில்லை. எலியில் நன்றாக வேலை செய்த ஒன்று மனிதனிடம் கைவிட்ட கதைகளில் இதுவும் ஒன்று.

மெத்தடோன், பியூப்ரினார்ஃபின் என்று கொடுப்பது ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதைதானே?

வீடுகளில் அதிகம் கேட்கப்படுவதும், அதிகம் கெடுதல் செய்வதும் இந்தக் கேள்விதான்.

மெத்தடோனும் ஓபியாய்டுதான், ஆனால் சிகிச்சைக்குத் தருவது. 1960களில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர், மேரி ஜீன் க்ரீக் மூவரும் மெத்தடோன் சிகிச்சையைத் தொடங்கினார்கள். க்ரீக் பிறகு பல வருடம் அழுத்த ஹார்மோன்களை அளந்தார். ஹெராயின் சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் இறங்கும். ஏறும்போது அந்த ஹார்மோன்கள் அடங்கும், இறங்கும்போது எகிறும். ஒரு நாளில் மூன்று நான்கு தடவை இந்த ஆட்டம். உடம்பின் அழுத்த அமைப்பு ஊஞ்சல் மாதிரி ஆகிவிடுகிறது. மருந்தே இல்லாமல் விட்டிருப்பவர்களிடம் ஒரு சோதனை வைத்தால் அந்த அமைப்பு தேவைக்கு மேல் துள்ளியது. மெத்தடோனில் நிலையாக இருப்பவர்களிடம் சாதாரண மனிதர்களைப் போலவே இருந்தது.

மெத்தடோன் மெல்ல ஏறி ஒரு நாள் முழுக்க ஒரே மட்டத்தில் நிற்கும். ஊஞ்சல் நிற்கிறது. பியூப்ரினார்ஃபினும் நீண்ட நேரம் நிற்கும், ஓரளவுக்கு மேல் அதன் விளைவு ஏறாது. அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய், பிள்ளையைப் பள்ளியில் விடுகிற ஒருவரைப் பார்த்து "இன்னும் போதையில்தான் இருக்கிறான்" என்று சொல்வது, இன்சுலின் போடுபவரைப் பார்த்துச் சொல்வதற்குச் சமம்.

இந்த மருந்துகள் அழுத்தத்தின் வழியை முழுக்க அடைப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஓபியாய்டு தொடர்ந்து உடம்பில் ஓடிக்கொண்டிருந்த எலிகளைக்கூட மின்னதிர்ச்சி தேட வைத்தது. அதனால்தான் குளோனிடினைச் சேர்த்துப் பார்த்தார்கள். "மருந்து எடுத்துக்கொண்டிருந்தும் விழுந்துவிட்டாரே, அப்போ மருந்து வேஸ்ட்" என்று நிறுத்திவிடாதீர்கள்.

சூழ்நிலை மாறினால் தானாகவே சரியாகிவிடாதா? வியட்நாம் வீரர்கள் கதை கேட்டிருக்கிறேன்.

அது உண்மைக் கதைதான். வியட்நாமில் போரிட்ட அமெரிக்கப் படைவீரர்களிடம் ஹெராயின் மலிவாகப் புழங்கியது. 1971இல் ஊர் திரும்புமுன் எல்லோருக்கும் சிறுநீர்ச் சோதனை வைத்தார்கள். லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் திரும்பியவர்களைத் தேடிப் பேசினார். அங்கே அடிமையாக இருந்ததாகச் சுமார் 20 சதவீதம் பேர் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம், மூன்று வருடத்தில் சுமார் 12 சதவீதம். யாரும் நம்பவில்லை அப்போது.

போர் அழுத்தம் போனது, ஹெராயின் கிடைத்த இடமும் போனது. இரண்டும் ஒரே விமானப் பயணத்தில். அவர்கள் அடிமையானது பிறந்து வளர்ந்த தெருவில் இல்லை. அதே தெருவில் பழகி, அதே தெருவுக்கு மையத்திலிருந்து திரும்புகிறவருக்கு அந்த வசதி கிடையாது. எல்லோரையும் வேறு ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். வேலையும் தெரிந்த முகமும் இல்லாத ஊரில் தனிமையே புது அழுத்தமாகிவிடும்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

திட்டுவதை நிறுத்தலாம். எளிதாகச் சொல்லிவிட்டேன், எவ்வளவு கடினம் என்று தெரியும். நகை போயிருக்கும், நம்பிக்கை போயிருக்கும். ஆனாலும் "இவனை வெட்கப்பட வைத்தால் திருந்துவான்" என்பது மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் எதிரானது. அவமானம்தான் மனிதனுக்குக் கொடுக்கும் மின்னதிர்ச்சி.

வேளைக்குச் சாப்பாடு, தூக்கம். மாத்திரை தவறாமல் போகிறதா என்று பார்ப்பது. நெருக்கடி வரப்போகிற நாட்களை முன்கூட்டியே பேசிவைப்பது: கோர்ட்டு வாய்தா, ஒரு கல்யாணம், அப்பாவின் திதி. அன்று யார் கூட இருப்பது, யாருக்கு போன் செய்வது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். சிகிச்சை தரும் டாக்டரிடமும் சொல்லிவையுங்கள்.

துணை இருப்பது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. பால்டிமோரில் மார்கோ வென்னிரோவும் ஷாஹாமும் 2018இல் எலிக்கு இரண்டு பலகை வைத்தார்கள். ஒன்றை அழுத்தினால் போதை மருந்து, மற்றொன்றை அழுத்தினால் கதவு திறந்து இன்னொரு எலியோடு கொஞ்ச நேரம். எலிகள் பெரும்பாலும் கதவைத்தான் தேர்ந்தெடுத்தன.

மறுபடி எடுத்துவிட்டார் என்று தெரிந்தால் முதலில் என்ன கவனிக்கவேண்டும்?

மூச்சு. மற்றது எல்லாம் அப்புறம்.

விட்டிருந்த காலத்தில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். முன்பு சாதாரணமாக எடுத்த அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளிவந்த 30,000க்கும் மேற்பட்டவர்களைப் பற்றி 2007இல் ஒரு ஆய்வு வந்தது. வெளிவந்த முதல் இரண்டு வாரத்தில் அளவு மிஞ்சிய போதையால் இறக்கும் அபாயம், மற்ற மக்களை விட 129 மடங்கு. விட்டிருந்த காலம், வெளியே வந்த நெருக்கடி, குறைந்துபோன தாங்கும் சக்தி மூன்றும் ஒரே நேரத்தில் கூடும் இடம் அது.

எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாக அல்லது குறட்டை போல விட்டு விட்டு வருகிறது, உதடு நீலம் பாரிக்கிறது, கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கிறது என்றால் உடனே 108. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், தனியே விடாதீர்கள். மூச்சு நின்றுவிட்டால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள். நாலோக்ஸோன் என்ற மருந்து ஓபியாய்டின் விளைவைச் சில நிமிடத்தில் முறிக்கும். ஆனால் அது சீக்கிரம் தீர்ந்துபோய் மறுபடி மூச்சு அடங்கக்கூடும் என்பதால், எழுந்துவிட்டார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து உடனே கூட்டிவந்துவிடாதீர்கள். எதை எடுத்தார் என்று ஆம்புலன்ஸ்காரரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். மானம் அங்கே பார்க்கவேண்டாம்.

உயிர் பிழைத்த பிறகு சிகிச்சைக்குத் திரும்பலாம். பியூப்ரினார்ஃபினை நிறுத்தியிருந்தால் மறுபடி தொடங்குவதைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். யாரிடம் போவது என்று தெரியாதவர்கள் இந்திய அரசின் இலவச போதை மீட்பு உதவி எண் 14446க்குப் பேசலாம்.

எங்கள் வீட்டில் பாட்டிக்கு பிபிக்குக் கொடுத்த குளோனிடின் இருக்கிறது. அதைக் கொடுக்கலாமா?

கூடாது. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயங்கி விழலாம், நாடி மெதுவாகலாம். சில நாள் கொடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். பால்டிமோரில் நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்து, அளவு கூட்டிக் குறைத்துக் கொடுத்தார்கள். ஓபியாய்டு சிகிச்சை தரும் டாக்டரிடம் இதைப் பற்றிக் கேட்கலாம், அவர் சரி என்றால் அவரே எழுதித் தருவார். பாட்டியின் மாத்திரை பாட்டிக்கே இருக்கட்டும், அவருக்கும் ஒரு நாள் தவறக்கூடாத மருந்து அது.